எங்களுக்கு முன்னால் அந்தக் கடையில் இருந்தவர்

நாங்கள் பால் காய்ச்சிக் கடை திறந்த அன்று காலையிலேயே அவர் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில், ரயில் நிலையத்துச் சாலை தொழிற்பேட்டைப் பக்கம் திரும்புகிற மூலையில் இருந்தது கடை. எதிரே மழைநீர்க் கால்வாய், அதன்மேல் சின்னப் பாலம். பாலத்துக் கட்டைச் சுவரில், காக்கி வெளுத்த கால்சட்டை போட்ட அறுபது வயதுக்காரர் ஒருவர், சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு எங்கள் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். மூன்று பஸ் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு தோசைக்கல்லைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தேன். அதே இடத்தில் அவர்.

என் வீட்டுக்காரர் இரும்பு உருட்டும் ஆலையில் பதினான்கு வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். கண் கெட்டுப்போகும், இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் வேலையை விட்டார். நான் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையலில் இருந்தேன். இருவரும் சேர்ந்து யோசித்துத்தான் இந்த நாஷ்டா கடையை எடுத்தோம். காலை ஷிப்டுக்கு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் அந்த மூலையைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய ஆள் மகள் வீட்டோடு போய்விட்டான், கடை காலியாக இருக்கிறது என்று ஓனர் சொன்னார். நாங்கள் வேறு யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது தரை முழுக்கக் கறுப்பு எண்ணெய்க் கறை. சோடா உப்பு போட்டு மூன்று நாள் தேய்த்தும் போகவில்லை. உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். அவற்றில் சைக்கிள்களை மாட்டி வைப்பார்களாம். பின்சுவரில் வெள்ளையடித்தால் மழைக்கு மறுபடி ஒரு மஞ்சள் ஈரம் பூத்து, கடலைப் புண்ணாக்கு வாசனை வரும். சைக்கிள் கடைக்கும் முன்னால் அது புண்ணாக்குக் கடையாம். ஆலைகள் வருவதற்கு முன், இங்கே எல்லாரும் மாடு வைத்திருந்த காலத்தில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நடத்தியது. இதெல்லாம் எதிர்க் கம்பெனியின் காவலாளி சொல்லித் தெரிந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இட்லி தின்றுகொண்டே பாலத்தைத் தாடையால் காட்டினார்.

அது அவர் கடை என்றார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே பஞ்சர் ஒட்டியவராம். தானாகப் போகவில்லை, காலி பண்ண வைத்தார்களாம்.

ஓனரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "வயசாயிடுச்சி, பொழுது போவல, உக்காந்துகினு கீறான். நீ இன்னாத்துக்கு அங்க பாக்குற? தோசையப் பாரும்மா."

எப்படிப் பார்க்காமல் இருப்பது? தோசைக்கல் கடையின் முகப்பில் இருந்தது. அதன் முன் நின்றால் என் முகம் நேராக அவர் முகத்துக்கு. மாவு ஊற்றும்போது, திருப்பும்போது, சில்லறை கொடுக்கும்போது எல்லாம் அந்தக் கண்கள் என் கையிலேயே இருந்தன. திட்டவில்லை, காறித் துப்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் அந்தக் காக்கிக் கால்சட்டைதான் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், ரோடு என்ன நம் அப்பன் வீட்டுதா, உட்காரட்டும் என்பார்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ஒருநாள், ஒரு டீயாவது கொண்டுபோய்க் கொடுங்கள் என்று வற்புறுத்தி அனுப்பினேன். வீட்டுக்காரர் சாலையைத் தாண்டிப் போய் கிளாஸை நீட்டினார். அவர் கையை நீட்டவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"என் கட டீய எனக்கே குடுக்க வந்தியா?"

சத்தமாகச் சொல்லவில்லை. அந்த நேரம் லாரி எதுவும் போகாததால் எனக்கும் கேட்டது. டீ ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது. தண்ணீர் டிரம்மின் குழாயை யாரோ உடைத்து, இரவெல்லாம் தண்ணீர் வழிந்து வீணாகியிருந்தது. இன்னொரு வாரம், புதிதாக எழுதிய போர்டில் கழிவு எண்ணெயை வாரிப் பூசியிருந்தார்கள். எண்ணெய் என்றதும் எங்களுக்கு வேறு யார் ஞாபகம் வரும்? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் அவரைத்தான் சொன்னேன். அவர்களும் சாப்பிட்டுக்கொண்டே பாலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை. நாங்கள் மதியத்தோடு மூடிவிடுவோம். அப்படி ஒரு ஞாயிறு மூடிவிட்டுப் போய், திங்கள் விடிகாலை வந்து வீட்டுக்காரர் பூட்டில் சாவியைப் போட்டால், சாவி நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம். துளை முழுக்கப் பசை ஊற்றி இறுக்கியிருந்தது. இரண்டு பூட்டிலும். உள்ளே முந்தின நாள் அரைத்து வைத்த மாவு பொங்கிக்கொண்டிருக்கும். முதல் ரயில் வந்து, கூட்டம் எங்களைத் தாண்டி வேறு கடைக்குப் போயிற்று. பக்கத்துப் பட்டறையிலிருந்து சுத்தியல் வாங்கிவந்து வீட்டுக்காரர் பூட்டை அடித்து உடைத்து முடிப்பதற்குள் நன்றாக விடிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தோம். பாலத்துக் கட்டையில் அவர் உட்கார்ந்து, உடைந்த பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளுதான்" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் யார் மேலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போனார். சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். "இன்னாய்யா வேணும் உனக்கு? எங்க பொழப்புல ஏன்யா மண்ணப் போடுற?" அவர் திருப்பி அடிக்கவில்லை. "நான் செய்யலப்பா, நான் செய்யலப்பா" என்றே சொன்னார். கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குக் கோபம் இன்னும் ஏறியிருக்க வேண்டும். தள்ளிவிட்டார். அவர் கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், கால்வாய்ச் சரிவில் விழுந்தார். வலது கையை ஊன்றித்தான் விழுந்தார். தூக்கி நிறுத்தியபோது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

யாரோ போன் செய்து ஓனர் வந்தார். எல்லாருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். கடையைக் காலி பண்ணின நாளிலிருந்தே இந்த ஆள் மிரட்டுகிறான் என்று ஓனர் சொன்னார். அந்தப் பெரியவர் ஒரே ஒரு முறை வாய் திறந்தார். தன்னைக் காலி பண்ணச் சொன்ன காலத்தில் தன் பூட்டிலும் இப்படித்தான் பசை ஊற்றியிருந்தது, அதை விசாரியுங்கள் என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்குக் கேட்டது. ஏட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியாம்மா? கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் வீட்டுக்காரர் செய்தது தப்பாகிவிடும். கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். பிறகு பார்க்காமல் சொன்னேன்.

"பாத்தேன் சார். ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் பூட்டாண்ட நின்னுகினு இருந்தாரு."

இனி அந்த மூலைப் பக்கமே வரமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கைப் பெருவிரலில் மை தடவிப் பதித்தார்.

மறுநாளிலிருந்து பாலம் காலியாக இருந்தது. வெளியூர்ப் பையன்கள் நிறையப் பேர் ஆலைகளுக்கு வந்துசேர்ந்த நேரம் அது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்காக ரொட்டி போடக் கற்றுக்கொண்டேன். வியாபாரம் நன்றாகப் போயிற்று. ஆனால் தோசைக்கல்லிலிருந்து நிமிரும்போதெல்லாம் என் கண் அந்தக் கட்டைச் சுவருக்குப் போய்வரும். அங்கே யாரும் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை. வீட்டுக்காரரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு திங்கள்கிழமை விடிகாலை, மறுபடி பூட்டுத் துளையில் பசை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை என்று ஊருக்கே தெரியும். சாப்பிட வரும் ஒரு பையன் சின்னக் கேமரா ஒன்று வாங்கிவந்து ஷட்டருக்கு மேல் மாட்டிக் கொடுத்தான். ஆறாம் நாள் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவு அதற்குள் இருந்த கார்டில்தான். அதுவும் போயிற்று. அந்த வாரமே ஓனர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த இடம் உங்களுக்கு ராசியில்லை போலிருக்கிறது, தொல்லையாகவே இருக்கிறது, நல்லபடியாகக் காலி பண்ணிக்கொண்டு போங்கள், என் மருமகன் ரொம்ப நாளாக ஏதோ மொபைல் கடை வைக்கிறேன் என்கிறான் என்றார். டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

ஸ்டேஷன் பெஞ்சில் அந்தப் பெரியவர் சொன்னதை அப்போதே காதில் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் மத்தியானம் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறி கவரைப்பேட்டையில் இறங்கினேன். காவலாளி சொன்ன அடையாளத்தில் அவர் வீடு இருந்தது. வாசலில் நாலைந்து சைக்கிள், ஒரு தொட்டித் தண்ணீர். டயரை நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தது அவர் மனைவி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி நின்றது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

நான் யாரென்று அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெம்புகோலைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தார்.

"இப்ப இன்னாத்துக்கு வந்த? அந்தக் கட உன் கைய விட்டுப் போவப்போவுதா? அதான் வந்தியா?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. "ஆமாங்கா" என்றேன்.

நடந்ததை எல்லாம் நின்றபடியே சொன்னேன். ஓனரின் மருமகன் மேல் சந்தேகம் என்பதையும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகுதான் யாரோ வந்து செய்கிறார்கள் என்பதையும் சொன்னேன். நானும் வீட்டுக்காரரும் உள்ளே உட்கார்ந்து ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டு தொங்கினால்தான் வருகிறவன் நம்புவான். பின்பக்கம் வாசல் கிடையாது. வெளியிலிருந்து பூட்ட ஓர் ஆள் வேண்டும். மருமகனுக்குப் பயப்படாத ஆள். எங்களுக்கு வேறு யாரும் தெரியவில்லை. பொய் சாட்சி சொன்னதை மட்டும் நான் பேசவில்லை. வாய் வரவில்லை.

அந்த அம்மா வேண்டாம் என்றார், இவங்க சங்காத்தமே வேண்டாம் என்றார். பெரியவர் டியூபைத் துடைத்துக் காயவைத்தார். பிறகு சொன்னார், "எனக்கும் அந்த ஆளப் பாக்கணும். வரேன்."

அந்த ஞாயிறு சித்திரை வெயில். மதியம் கூட்டம் கலைந்ததும் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடினோம். வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஷட்டரை இறக்கினோம். வெளியே பெரியவர் பூட்டு மாட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். சாவியை அவர் எடுத்துக்கொண்டார். சந்தில் நின்ற கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போய் உட்காருவதாகப் பேச்சு.

பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் நாங்கள் செய்திருப்பது என்ன என்று எனக்கு உறைத்தது. யாருடைய கையை உடைத்தோமோ அவரிடம் சாவியைக் கொடுத்து எங்களை நாங்களே அடைத்துக்கொண்டிருந்தோம். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டால் கேட்பதற்கு நாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் ஈ காக்கை இருக்காது. வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். "போனாலும் தப்பில்ல" என்றார் அவர்.

கூரையிலிருந்து சூடு இறங்கியது. ஷட்டரின் கீழ்த் தகட்டில், வலது பூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, துருவில் அரித்த ஓட்டை ஒன்று, கட்டைவிரல் நுழையும் அளவு. வீட்டுக்காரர் தரையில் குப்புறப் படுத்து போன் கேமராவை அந்த ஓட்டையில் பொருத்திக்கொண்டார். நான் அரிசி மூட்டையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு நாய் வந்து ஷட்டரை மோந்துவிட்டுப் போனது. இரண்டாவது மணியும் ஆகிக்கொண்டிருந்தபோது பைக் ஒன்று வந்து, தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது.

செருப்புச் சத்தம். ஓட்டையை ஏதோ மறைத்து வெளிச்சம் போயிற்று. பூட்டைக் கையில் பிடித்துத் திருப்புகிற சத்தம். பூட்டு ஷட்டரின் அடியில் இருப்பதால் ஊற்றுகிறவன் குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்தான். போன் திரையில் அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாக, மருந்து ஊற்றுகிறவனைப் போல் ஊற்றிக்கொண்டிருந்தான். ஓனரின் மருமகன்தான். எங்கள் கடையில் எத்தனையோ நாள் பூரி தின்றவன்.

வீட்டுக்காரர் படுத்தபடியே, கோபமே இல்லாத குரலில் சொன்னார். "நல்லா ஊத்து மாப்ளே. இன்னொரு பூட்டு அந்தாண்ட கீது."

பசைக் குப்பி தரையில் விழுந்தது. ஓடுகிற சத்தம், பைக் சீறிக் கிளம்புகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியவரின் சைக்கிள் வந்து நின்றது. இடது பூட்டைத் திறந்துவிட்டார். வலது பூட்டில் சாவியைப் போட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"எறுகிப்போச்சி" என்றார் வெளியிலிருந்து. "அவன் ஆளுங்களக் கூட்டிக்கினு வந்தாலும் வருவான். ஆக்சா பிளேடு கீது. அறுக்கறேன். கொஞ்சம் டைமாவும். வலது கை புடிக்காது."

அறுக்க ஆரம்பித்தார். பத்து இழுப்பு, ஓய்வு, மறுபடி பத்து இழுப்பு. இடது கையால் அறுப்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. பிளேடு நழுவிக் கையில் பட்டிருக்க வேண்டும், ஒருமுறை பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மூவரும் நிறுத்திக் கவனித்தோம். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தகடுதான். முகம் தெரியாததால்தான் எனக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன். ஷட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அன்னிக்கி ஸ்டேஷன்ல நான் சொன்னது பொய். உங்கள நான் பாக்கல."

அறுக்கும் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அவரிடமும் இதுவரை நான் சொன்னதில்லை. பெரியவர் போய்விடுவார், இப்போது போய்விடுவார் என்றே காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர். "நான் செய்யாதத நீ எப்டி பாத்திருப்ப?"

மறுபடி அறுக்கத் தொடங்கினார்.

பிறகு அறுப்புக்கு நடுவே அவராகவே பேசினார். புண்ணாக்குக் கடைக்காரரை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்களாம். மாடுகள் குறைந்து அவருக்கு வியாபாரம் படுத்த நேரத்தில், இப்போதைய ஓனரின் அப்பா அவரைப் போகச் சொன்னார். போக மனசில்லாமல் அவர் ஒரு மாதம் இழுத்தடித்தார். ஒருநாள் மூட்டைகளை மழையில் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். "அன்னிக்கி சாய்ங்காலமே நான் சைக்கிளுங்கள எறக்கனேன். ஆலைக்குப் போறவன் பூரா வாடகை சைக்கிள் கேட்டுகினு கீறான், எனக்கு அவசரம். அவரு நனைஞ்ச மூட்டைய வண்டில ஏத்திக்கினு இருந்தாரு. ஒரு கை புடிச்சிருக்கலாம். புடிக்கல." இன்னும் பத்து இழுப்பு அறுத்தார். "நீங்க பால் காய்ச்சனப்போ எனக்கு அதான் ஞாபகம்."

எதற்காக எதிரில் வந்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். விடிந்தால் கால் தானாக அங்கே வந்துவிட்டது, வேறெங்கே போவதென்று தெரியவில்லை என்றார். வேறு காரணம் எதுவும் இல்லையாம்.

பூட்டு அறுந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஷட்டரைத் தூக்கி வெளியே வந்தோம். ரெண்டு பேர் துணியும் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. அவர் விரலில் ரத்தம். எங்களைப் பார்க்காமல் எங்கள் தோளுக்கு மேலாகக் கடைக்குள் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. கொக்கிகளைக் கழற்றவில்லையா என்று கேட்டார். கழற்றவில்லை, வெங்காய மூட்டை மாட்டுகிறோம் என்றேன். தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

ஓனரிடம் வீடியோவைக் காட்டினோம். போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தனக்கு எதுவும் தெரியாது என்றார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் வெளியே போக வேண்டாம், இன்னும் ரெண்டு வருஷம் இருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பசை ஊற்றுவது அதோடு நின்றது.

ஸ்டேஷனுக்கும் போனேன். வீட்டுக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. கையை உடைத்தது மறுபடி கிளம்பும், என்னைத் தூக்கி உள்ளே வைத்தால் நீ ஒருத்தி கடை நடத்துவாயா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன இடத்தில் ஏட்டு மாறியிருந்தார். புதியவர் அலமாரியில் தேடினார். அப்படி ஒரு தாளே இல்லை என்றார். வழக்கு எதுவும் பதியவில்லையாம், எழுதி வாங்கியது எங்கே போயிற்றோ தெரியவில்லையாம். நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். எதுக்கும்மா, இல்லாத கேசுக்கு என்றார். திரும்பி நடந்தேன். எங்குமே இல்லாத ஒரு தாளுக்குப் பயந்து ஒரு மனிதர் தன் இருபது வருஷத்து மூலைக்கு வராமல் இருந்திருக்கிறார்.

பாலத்துக்கு மறுபடி வரலாம் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். வரவில்லை. வீட்டுக்காரர் நாலைந்து தடவை போய், கையை ஆஸ்பத்திரியில் காட்டலாம், நான் கூட்டிப்போகிறேன் என்றார். அதற்கும் வரவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் உள்ளே எழுந்து போய்விடுவார்.

ரெண்டு வருஷம் முடிந்ததும் நாங்கள் கடையை விட்டோம். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே சாமான்களை ஏற்றினோம். இப்போது நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி. அந்தக் கடையில் மருமகன் மொபைல் கடை வைத்தான், எட்டு மாதம் ஓடியது. பிறகு ஆலைகளுக்கு ஆள் பிடித்து அனுப்புகிற ஒருவர் மேஜை நாற்காலி போட்டு ஆபீஸ் என்றார். அவரும் போய், இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி பக்கோடாவும் சமோசாவும் போடுகிறார்கள். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளைக்காரி. வாடகைக்குக் காகிதம் எழுதி வாங்கினாயா என்று ஒருநாள் நின்று கேட்டேன். பாதி தமிழும் பாதி ஜாடையுமாக, இருக்கிறது என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டி, இது போல வாங்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மழைக்காலத்தில் பெரியவருக்கு மணிக்கட்டு வலி தாங்க முடியாமல் போயிற்று. டியூபைக்கூட அமுக்க முடியவில்லை. அந்த அம்மாவே எங்கள் வண்டிக்கு வந்து, கூட்டிப்போவதாகச் சொன்னீர்களே, எப்போது என்று கேட்டார். மறுநாளே வியாபாரத்தை நிறுத்திவிட்டு நாலு பேரும் முதல் ரயிலில் சென்னைக்குப் போனோம். அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். படம் எடுத்து வரச் சொன்னார்கள், எடுத்தோம். எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. இளவயது டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது, மறுபடி வெட்டித்தான் நேராக்க வேண்டும், முழுசாகப் பழைய கை வராது, வலி போகும் என்றார். சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"எப்படிங்க உடைஞ்சது?" என்று கேட்டார், தலை நிமிராமல்.

பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தார். விழுந்துவிட்டேன் என்று சொல்லப் பெரியவர் வாயைத் திறந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நாந்தான் சார் புடிச்சித் தள்னேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் நிமிர்ந்து நாலு பேரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு எந்த வருஷம் என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டார்.